தொலேதோவில் குழந்தைகளுக்கு எதைக் காட்டுவோம்?

கோடை விடுமுறையில் ஐரோப்பாவைச் சுற்றிவரும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் இன்று அரிதல்ல. பாத்திமா, அவிலா, லூர்து என நீளும் பயணத் திட்டத்தில் ஸ்பெயின் நாட்டுத் தொலேதோ நகருக்கும் அரைநாள் ஒதுக்கப்படுகிறது. மத்ரித்திலிருந்து விரைவு இரயிலில் அரைமணி நேரம். தாகோ ஆறு மூன்று புறமும் வளைந்தோட, பாறைக் குன்றின்மேல் நிற்கும் அந்நகரை யுனெஸ்கோ நிறுவனம் 1986இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பேராலயத்தில் ஒரு மணி நேரம். எல் கிரேக்கோவின் ஓவியத்திற்கு முன் கால்மணி. கடைத்தெருவில் மகனுக்கு ஒரு சிறு வாள், மகளுக்குக் கருத்த எஃகில் பொன்னிழை பதித்த தோடு, உறவினர்க்குப் பாதாம் பருப்பும் சர்க்கரையும் கூட்டிச் செய்த மாசப்பான். மாலையில் ஆற்றுக்கு அப்பாலிருந்து ஒரு குடும்பப் படம். "கிறிஸ்தவ மகிமை என்றால் அதுதான், சாமி!" என்று திரும்பி வந்தோர் வியக்கின்றனர்.

அவ்வியப்பு தவறன்று. 1226இல் தொடங்கி 1493 வரை எழுப்பப்பெற்ற பேராலயம் அது. என்ரிக்கே தே ஆர்ஃபே 1517 முதல் 1524 வரை உழைத்து உருவாக்கிய, ஆளுயரத்தை விஞ்சிய கதிர்ப்பாத்திரம் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவில் இன்றும் தெருக்களில் பவனி வருகிறது. பழைமையான மொசாரபிய வழிபாட்டு முறை அங்கே இன்றும் உயிரோடிருக்கிறது. 589ஆம் ஆண்டு இந்நகரில் கூடிய மூன்றாம் திருச்சங்கத்தில்தான் விசிகோத்திய மன்னர் ரெக்காரெதோ ஆரியுசின் தப்பறையைக் கைவிட்டதை அறிக்கையிட்டார். இவற்றையெல்லாம் நம் பிள்ளைகள் காணவேண்டும்.

என் வழக்கு வேறு. தொலேதோவின் மகிமையை மட்டும் காட்டி அதன் இழிவை மறைக்கும் பெற்றோர், பிள்ளைகளின் விசுவாசத்தைக் காப்பதில்லை. அதனை மணலின்மேல் கட்டுகின்றனர். அந்நகரின் பொன்னும் வெள்ளியும் ஒரு பாதி. மறுபாதி அந்நகர் திருச்சபைக்குள் நுழைத்த நஞ்சு. அந்நஞ்சின் பெயர் இரத்தத் தூய்மை. ஸ்பானியர் அதனை 'லிம்பியேசா தே சாங்ரே' என்றனர்.

எல் கிரேக்கோவின் 'ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்' என்னும் ஓவியம் உள்ள சாந்தோ தோமே ஆலயத்திலிருந்து சில நிமிடங்கள் மேற்கே நடந்தால் பழைய யூதர் குடியிருப்பு வரும். அங்கே வெண்சுவரும் குதிரைலாட வடிவ வளைவுகளும் கொண்டு, தூண்வரிசைகள் நிறைந்த ஒரு கூடம் உண்டு. அதன் பெயர் சாந்தா மரியா லா பிளாங்கா, அதாவது வெண்மாமரி ஆலயம். ஆயின் அது ஆலயமாகக் கட்டப்பட்டதன்று. யூதர்கள் தங்கள் இறைவனைப் புகழக் கட்டிய தொழுகைக்கூடம். 1391இல் செவில் நகரில் மூண்ட யூதப் பகைக் கலவரம் தொலேதோவுக்கும் பரவிற்று. வாளுக்கும் திருமுழுக்குத் தொட்டிக்கும் இடையே நின்ற யூதருள் பலர் தொட்டியைத் தேர்ந்தனர். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கூடம் நம் ஆலயமாயிற்று. பிற்காலத்தில் படைவீரர் தங்குமிடமாகவும் கிடங்காகவும் கூட இருந்தது. மன்னர் பெத்ருவின் கருவூலத் தலைவர் சாமுவேல் அலேவி 1357ஐ ஒட்டிக் கட்டிய மற்றொரு கூடம், 1492இல் யூதர்கள் நாடு கடத்தப்பட்ட பின் கலத்ராவா சபையினர் கைக்குச் சென்றது. அதன் எபிரேய எழுத்துகள் சுவரில் இன்றும் உள்ளன. படிக்க வேண்டியவர்கள்தாம் துரத்தப்பட்டனர்.

இது யூதருக்கு இழைத்த கொடுமை என்று மட்டும் எண்ணிக் கடந்துவிட வேண்டாம். அடுத்து நடந்தது, திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவருக்குக் கிறிஸ்தவரே இழைத்த கொடுமை. 1449இல் அரசாங்கம் கேட்ட பெருந்தொகையை எதிர்த்துத் தொலேதோவில் கிளர்ச்சி வெடித்தது. பெத்ரோ சார்மியெந்தோ என்பவரின் தலைமையில் கிளர்ச்சியாளர்கள் ஒரு தீர்ப்பாணை இயற்றினர். யூத வழிவந்த கிறிஸ்தவர் எவரும் நகரில் எந்தப் பதவியும் வகிக்கலாகாது என்பது அதன் சாரம். அவர்கள் ஞாயிறுதோறும் திருப்பலி காண்போர்; குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தோர். எனினும் அவர்தம் இரத்தம் குற்றவாளியாயிற்று.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1547இல், அதே விதி பேராலயத்துக்குள்ளேயே புகுந்தது. பேராயர் சிலிசேயோ, யூத முன்னோர் உள்ள எவரும் பேராலயக் குருக்கள் குழாமில் இடம்பெறலாகாது என்னும் சட்டத்தை வாக்கெடுப்பில் நிறைவேற்றினார். அவர் ஏழை உழவர் குடியில் பிறந்தவர். செல்வத்தாலும் பட்டத்தாலும் உயர இயலாதவர்க்கு 'எம் இரத்தம் தூயது' என்னும் பெருமை ஒன்றே போதுமாயிற்று. தாழ்ந்தவன் தனக்குக் கீழே இன்னொருவனைத் தேடும் அந்த நோயை நாமும் அறிவோம். அச்சட்டத்தின்படி, யூதக் குலத்தில் பிறந்த பேதுருவுக்கும் பவுலுக்கும் தொலேதோப் பேராலயத்தின் பாடற்குழு இருக்கையில் இடமில்லை. எவருடைய பெயரால் அப்பேராலயம் நேர்ந்தளிக்கப்பட்டதோ அந்த அன்னை மரியாவின் உறவினர்க்கும் இடமில்லை!

இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்றால் மூன்று மறுப்புகள் எழுகின்றன.

"அக்காலத்து வழக்கம் அது, இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?" என்பது முதலாவது. அளக்க வேண்டா, அக்காலத்து அளவுகோலாலேயே அளப்போம். 1449 ஜூனில் அத்தீர்ப்பாணை பிறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திருத்தந்தை ஐந்தாம் நிக்கொலாஸ் தம் ஆணை மடலால் அதனைக் கண்டித்தார். புர்கோஸ் ஆயர் அலோன்சோ தே கார்த்தகேனா கிறிஸ்தவ ஒருமைப்பாட்டைக் காத்து ஒரு நூலே எழுதினார். 1547இல் பேராலயக் குருக்களுள் பத்துப் பேர் எதிர்த்து வாக்களித்தனர். புனித இஞ்ஞாசியார் தம் சபையின் கதவை யூத வழியினர்க்கு அடைக்க மறுத்தார். அவருக்குப் பின் சபைத் தலைவரான லாயினெஸ் அவ்வழியில் வந்தவரே. ஆகவே அக்காலத்திலேயே ஒளி இருந்தது. ஒளி இருந்தும் இருளைத் தேர்ந்தவர்களை 'காலம்' என்னும் போர்வையால் மூடுவது, ஒளியைத் தேர்ந்தவர்களையும் சேர்த்து மூடுவதாகும். அந்தப் பத்துப் பேருக்கு நாம் இழைக்கும் அநீதி அது.

"பகைவர்க்கு ஆயுதம் கொடுக்கலாமா?" என்பது இரண்டாவது. ஆயுதம் ஏற்கெனவே அவர்கள் கையில் உள்ளது. இன்று மறைத்தாலும், நாளை கல்லூரியில் நம் பிள்ளை இதனைப் படிக்கத்தான் போகிறது. 'இதை ஏன் என் பெற்றோர் சொல்லவில்லை?' என்று அது கேட்கும் நாளில் நம் மௌனம் நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் புனித பேதுரு பேராலயத்தில், உலகம் காண, திருச்சபை மக்களின் பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். இஸ்ரயேல் மக்களுக்கு எதிரான பாவங்களும் அவற்றுள் அடங்கும். அம்மாத இறுதியில் எருசலேமின் மேற்குச் சுவரில் தம் செபத்தை எழுதிச் செருகினார். திருச்சபையின் தலைமை மேய்ப்பருக்கு இல்லாத அச்சம் சுற்றுலா சென்ற தந்தைக்கு எதற்கு?

"விடுமுறையில் குழந்தைகள் மகிழட்டுமே" என்பது மூன்றாவது. மகிழட்டும். ஆனால் குழந்தைக்கு நீதியுணர்வு இல்லை என்று எண்ணுவோர் குழந்தைகளை அறியாதவர்கள். தொலேதோவின் சான் குவான் தே லோஸ் ரேயெஸ் மடத்து வெளிச்சுவரில் இரும்புச் சங்கிலிகள் தொங்குகின்றன. முகமதியரிடம் சிறைப்பட்டிருந்து மீட்கப்பட்ட கிறிஸ்தவர் பூண்டிருந்தவை அவை. பிள்ளைகள் அவற்றைச் சுட்டிக்காட்டிக் கேட்பார்கள். பெற்றோர் பெருமிதத்துடன் விடை கூறுவார்கள். சமய விசாரணை மன்றம் தண்டித்தவர்களுக்கு அணிவித்த 'சான்பெனித்தோ' என்னும் இழிவுடைகள், அவர்தம் பெயர் பொறிக்கப்பட்டு, அவமானம் வழிவழியாக நிலைக்க வேண்டுமென்று ஆலயங்களுக்குள் தொங்கவிடப்பட்டன என்பதை யார் கூறுவது? நாம் பூண்ட சங்கிலியைக் காட்டி, நாம் பூட்டிய சங்கிலியை மறைத்தால் அதற்கு வரலாறு என்று பெயரன்று.

சுற்றுலாத் துண்டறிக்கைகளும் இங்கே உதவமாட்டா. 'மூன்று பண்பாடுகளின் நகரம்' என்று அவை இனிக்கப் பேசும். அரபு நூல்கள் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டதும், கிரெமோனா ஜெரார்து போன்றோர் அங்கு உழைத்ததும் உண்மையே. ஆயினும் இரு பண்பாடுகள் துரத்தப்பட்ட பின், அவற்றின் கட்டடங்களுக்கு நுழைவுச்சீட்டு விற்கும் நகரில் அச்சொற்றொடர் தொண்டையில் சிக்க வேண்டும். அதேபோல, கத்தோலிக்கம் என்றாலே கொடுமை என்று கூறித் திரியும் சில வழிகாட்டிகளுக்கும் நான் வழக்குரைக்கவில்லை. அவர்கள் அந்தப் பத்துக் குருக்களையும் மறைக்கிறார்கள். ஒரு பெண்மணியையும் மறைக்கிறார்கள்.

அப்பெண்மணி அவிலாவின் புனித தெரேசா. நம் பயணக் குழுக்கள் அவிலாவில் அவரை வணங்கிவிட்டுத் தொலேதோவுக்கு வருகின்றன, இரண்டையும் இணைப்பதில்லை. தெரேசாவின் பாட்டனார் குவான் சாஞ்செஸ் தொலேதோவின் துணி வணிகர். யூத வழிவந்த கிறிஸ்தவர். 1485இல் இதே நகரின் தெருக்களில், ஏழு வெள்ளிக்கிழமைகள், இழிவுடை அணிந்து ஆலயம் ஆலயமாக நடக்க வேண்டிய தண்டனைக்கு அவர் ஆளானார். பின்னர் குடும்பத்தோடு அவிலாவுக்குக் குடிபெயர்ந்து, வழக்காடி உயர்குடிச் சான்று பெற்றார். இவ்வுண்மை நெடுங்காலம் மறைந்திருந்து, 1946இல் வெளியான வழக்காவணங்களால் தெளிவாயிற்று. 1970இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பெற்ற அப்புனிதையின் உடலில் ஓடிய இரத்தம், தொலேதோச் சட்டம் தீட்டு என்று ஒதுக்கிய இரத்தம்!

1569இல் தெரேசா தொலேதோவிற்கு வந்து மடம் நிறுவினார். பொருளுதவி செய்தவர்கள் ஒரு வணிகக் குடும்பத்தார். மடத்து ஆலயத்தில் அடக்கம் செய்யும் உரிமையை உயர்குடியினர் அல்லாதார்க்குக் கொடுப்பதா என்று பெரிய மனிதர்கள் தடுத்தனர். தெரேசா குலத்தைப் பார்க்கவில்லை, வணிகருக்கே கொடுத்தார். 1577இல் தம் தலைசிறந்த நூலாகிய 'உள்மாளிகை'யை எழுதத் தொடங்கியதும் இந்நகரில்தான். பேராலயத்தின் சட்டம் குருதியை ஆராய்ந்துகொண்டிருக்க, ஒரு பெண் ஆன்மாவின் அறைகளை ஆராய்ந்தார்.

நமக்கும் இந்நஞ்சுக்கும் நேரான தொடர்பு ஒன்று உண்டு. அன்றிக் அடிகளார் என நாம் போற்றும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் போர்த்துக்கல் நாட்டவர், யூத வழியினர். அக்காரணத்தாலேயே பிரான்சிஸ்கு சபையிலிருந்து விலக்கப்பட்டார். 1545இல் இயேசு சபை அவரை ஏற்றது. முத்துக்குளித்துறையில் ஐம்பதாண்டுக்கு மேல் உழைத்து, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூலை அச்சேற்றி, 1600இல் நம் மண்ணிலேயே உயிர் நீத்தார். அதே இயேசு சபை 1593இல் யூத வழியினர்க்குக் கதவடைத்தது. அவ்விதி முற்றிலும் நீங்க 1946 ஆயிற்று. அவ்விதி அரை நூற்றாண்டு முன்னரே வந்திருந்தால் நம் தமிழ் அச்சின் தந்தை நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

குலத்தையும் வம்சத்தையும் குறிக்க ஐபீரிய நாட்டார் வழங்கிய சொல் 'காஸ்தா'. போர்த்துக்கீசியர் நம் கரையில் கண்ட சாதிக்கு அச்சொல்லையே சூட்டினர். ஆங்கிலத்தார் வழங்கும் 'காஸ்ட்' அதிலிருந்து வந்தது. சாதியை அவர்கள் கொண்டுவரவில்லை. அது இங்கே இருந்தது. ஆயினும் கண்டவுடன் பெயரிடுமளவுக்கு அது அவர்களுக்குப் பழகிய முகமாய் இருந்தது. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிவாரியாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது, சுவர் வேண்டுமென்று கேட்டு நம்மவர் உயர் நீதிமன்றம் வரை சென்றனர். கல்லறைத் தோட்டத்தில் இன்றும் சுவருக்கு இப்பாலும் அப்பாலும் புதைக்கும் ஊர்கள் உண்டு. தொலேதோவைக் குற்றஞ்சாட்டும் தகுதி நமக்குச் சுலபமாய்க் கிடைத்துவிடாது.

ஆகவே பெற்றோர்களே, தொலேதோவுக்குச் செல்லுங்கள். அரைநாள் போதாது, முழுநாள் இருங்கள். பேராலயத்தில் கதிர்ப்பாத்திரத்தின் முன் பிள்ளைகளோடு முழங்காலிடுங்கள். அதன்பின் சாந்தா மரியா லா பிளாங்காவுக்கு நடந்து சென்று, அக்கூடம் எவருடையது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். 1449இன் ஆணையையும் அதனைக் கண்டித்த திருத்தந்தையையும், 1547இன் சட்டத்தையும் எதிர்த்த பத்துப் பேரையும், இழிவுடையில் நடந்த பாட்டனாரையும் மறைவல்லுநரான பேத்தியையும் ஒன்றாகவே சொல்லுங்கள். மாசப்பானையும் வாங்கிக் கொடுங்கள்.

ஊர் திரும்பும் வழியில் பிள்ளை ஒரு கேள்வி கேட்கக்கூடும்: "அப்பா, நம்ம ஊர்க் கல்லறையில் ஏன் சுவர் இருக்கு?" தொலேதோவை உண்மையாகக் காட்டிய தந்தைக்கே அக்கேள்விக்கு முகங்கொடுக்கும் துணிவு இருக்கும். விடை சொல்வதோடு நில்லாமல், அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று அச்சுவரை அகற்றக் கேட்பாரானால், அவர் செலவிட்ட பயணப் பணத்தில் ஒரு காசும் வீண்போகவில்லை.