ரோமம் ஒரு குற்றமா?

மாமல்லபுரத்துக் கல் பெண்களுக்கு முடி முளைப்பதில்லை.

பல்லவர் காலத்துச் சிற்பி உளியால் இழைத்த கையும் கன்னமும் 1,300 ஆண்டுகள் கழிந்த பிறகும் பல இடங்களில் வழவழவென்று இருக்கின்றன. அதைப் பார்க்க வரும் உயிருள்ள பெண்ணுக்கோ, மேல் உதட்டில் முடி முளைக்கிறது, மோவாயில் முளைக்கிறது, கையிலும் காலிலும் முளைக்கிறது. கல்லுக்கும் உயிருக்கும் உள்ள வித்தியாசம் இது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆனாலும் பெண்கள் வெட்கப்படுகிறார்கள். காரணம், ஊர் அவர்களை வெட்கப்பட வைக்கிறது. பள்ளிக்கூடத்திலே "மீசைக்காரி" என்று கேலி. பெண் பார்க்க வந்த இடத்திலே காதோடு காதாக ஒரு பேச்சு. அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது.

முன்பு பாட்டி கஸ்தூரி மஞ்சளை இழைத்துக் கொடுத்தாள். இப்போது செங்கல்பட்டு போன்ற ஊர்களிலும் மக்கள் லேசரைப் பற்றிப் பேசுகிறார்கள். "ஒளியைப் பாய்ச்சினால் போதும், முடி போய்விடும்" என்கிறார்கள்.

லேசர் கெட்டது அல்ல. அதற்குப் பயந்து ஓட வேண்டியதும் இல்லை. ஆனால் பணத்தைக் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். முடி ஏன் வந்தது? யந்திரம் யார் கையில் இருக்கிறது? இது யாருடைய விருப்பம்?

வெயிலும் கருங்கல்லும்

முதலில், லேசர் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

சித்திரை மாத உச்சி வெயிலில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்குத் தெரியும். கருங்கல் காலைச் சுட்டுவிடும். வெள்ளைத் துணி அவ்வளவு சுடாது. கறுப்பு, ஒளியைக் குடித்துச் சூடாக மாறுகிறது.

முடியிலும் ஒரு கருநிறப் பொருள் இருக்கிறது. அதன் பெயர் மெலனின். லேசர் ஒளியை அது குடிக்கிறது. சூடு வேர் வரை இறங்குகிறது. வேர் வெந்து போகிறது. முடி உதிர்ந்து விடுகிறது.

1960-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். 1983-ம் ஆண்டில் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு டாக்டர்கள், சுற்றியுள்ள தோலைச் சுடாமல், குறி வைத்த பொருளை மட்டும் ஒளியால் சுட முடியும் என்று விளக்கினார்கள். அதன் பிறகே முடி நீக்கும் லேசருக்கு வழி பிறந்தது.

இங்கேதான் நம்மவர்கள் கவனிக்க வேண்டும். மெலனின் முடியில் மட்டும் இல்லை, தோலிலும் இருக்கிறது. வெள்ளைக்காரர் தோலில் அது குறைவு. நம் மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் அதிகம். வெள்ளைத் தோலுக்கு ஏற்ற அளவில் நமக்கு ஒளியைப் பாய்ச்சினால் முடியோடு தோலும் வேகும். கொப்புளம் வரும். கறுப்புத் திட்டோ வெள்ளைத் திட்டோ விழும். சில திட்டுகள் மறைய மாதக்கணக்கில் ஆகும். தழும்பு நிலைத்துவிடுவதும் உண்டு.

கறுத்த தோலுக்கு என்.டி.-யாக் என்ற வகை லேசர் பாதுகாப்பானது என்பது நிபுணர்கள் கருத்து. அதன் ஒளி அலையின் நீளம் 1,064 நானோமீட்டர். அந்த ஒளியைத் தோலின் மெலனின் குறைவாகவே குடிக்கிறது. அதனால் அது மேல் தோலைத் தாண்டி ஆழமாக இறங்குகிறது. ஆகவே, "எந்த வகை லேசர்? என் நிறத்துக்குப் பொருந்துமா?" என்று கேட்பது அதிகப் பிரசங்கித்தனம் அல்ல. அது நோயாளியின் உரிமை.

ஒரே நாளில் போகாது

ஏரிப் பாசனத்துக் கிராமங்களைப் பாருங்கள். ஒரு வயலில் நாற்று. ஒரு வயலில் கதிர். ஒரு வயல் சும்மா கிடக்கிறது. முடியும் அப்படித்தான். எல்லா முடியும் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. வளர்கின்ற முடியின் வேரைத்தான் லேசர் நன்றாகத் தாக்கும். ஓய்ந்து கிடக்கும் வேர் தப்பிவிடும்.

அதனால் 4 முதல் 8 வாரங்களுக்கு ஒரு தடவை, மொத்தம் 6 அல்லது 8 தடவைகள் போக வேண்டியிருக்கும். அதற்குப் பிறகும் எப்போதாவது போக வேண்டி வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா இந்த லேசர்களுக்கு "நிரந்தரமாகக் குறைக்கும்" என்று சொல்லத்தான் அனுமதி கொடுத்திருக்கிறது. "அடியோடு ஒழிக்கும்" என்று சொல்ல அனுமதி இல்லை. "ஒரே தடவையில் ஒரு முடிகூட இராது" என்று யாராவது சொன்னால், அவர்கள் சொல்வது வியாபாரம்.

நரைத்த முடியில் மெலனின் இல்லை. ஆகவே லேசர் அதை ஒன்றும் செய்யாது.

இன்னொன்று வெயில். சிகிச்சைக்கு முன்பும் பின்பும் சில வாரங்கள் வெயில் படாமல் இருக்க வேண்டும். கடற்கரையில் மீன் விற்கும் பெண்ணும், வயலில் நாற்று நடும் பெண்ணும் இதை எப்படிக் கடைப்பிடிப்பார்கள்? அவர்களிடம் இந்த விஷயத்தைச் சொல்லாமல் பணம் வாங்குவது தர்மம் அல்ல.

முடி ஏன் வந்தது?

கையில் காலில் முடி இருப்பது இயற்கை. தாய்க்கு இருந்தால் மகளுக்கும் இருக்கலாம். அது நோய் அல்ல.

ஆனால் மோவாயிலும் மார்பிலும் முரட்டு முடி புதிதாக முளைத்து, மாதவிலக்கும் தவறிப் போனால், அது உடம்பு கொடுக்கும் தகவல். பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இதற்கு முக்கியமான காரணம். சில மாதங்களுக்குள் முடி வேகமாக வளர்ந்து, குரலும் கட்டையாக மாறினால், உள்ளே கட்டி இருக்கிறதா என்று உடனே சோதிக்க வேண்டும். இது அபூர்வம், ஆனால் அலட்சியம் கூடாது.

வேறொரு காரணமும் உண்டு. முகம் வெளுக்க வேண்டும் என்று, டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கித் தடவும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அதை நாள்கணக்கில் தடவினால் முகத்தில் முடி வளரும். நிறத்துக்காக ஒரு செலவு. அதனால் வந்த முடிக்காக இன்னொரு செலவு!

காரணத்தைக் கவனிக்காமல் முடியை மட்டும் சுடுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது போன்றது. முதலில் டாக்டர், பிறகுதான் லேசர். செங்கல்பட்டில் 1965-ம் ஆண்டு தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே தோல் டாக்டரிடம் யோசனை கேட்கப் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை.

யந்திரம் யார் கையில்?

லேசர் வருவதற்கு முன்பே உலகம் ஒரு பாடம் படித்திருக்கிறது. 1896-ம் ஆண்டில் வியன்னா டாக்டர் பிராய்ண்ட், ஒரு சிறுமியின் முதுகில் இருந்த முடியை எக்ஸ்ரே கதிரால் உதிர வைத்தார். 1920-களில் அமெரிக்க அழகு நிலையங்கள் அந்தக் கதிரை முகத்துக்குப் பாய்ச்சின. வலி இல்லை என்று பெண்கள் மகிழ்ந்தார்கள். ஆண்டுகள் சென்றன. தோல் சுருங்கியது, புண் வந்தது, பலருக்குப் புற்றுநோய் வந்தது.

லேசர், எக்ஸ்ரே அல்ல. அதனால் புற்றுநோய் வரும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் வைத்திய யந்திரத்தை வைத்தியம் படிக்காதவர் கையில் கொடுக்கக் கூடாது என்ற பாடம் இன்றும் பொருந்தும்.

சென்னையிலேயே ஒரு சோகம் நடந்தது. 2016-ம் ஆண்டில், தலையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர் இறந்து போனார். சிகிச்சை நடந்த இடம் முறைப்படி அனுமதி பெற்ற மருத்துவமனை அல்ல என்று பிறகு தெரிந்தது. முடி நடுவது வேறு, நீக்குவது வேறு. ஆபத்தின் அளவும் வேறு. ஆனால் விளம்பரப் பலகையை நம்பிப் படுக்கும் தவறு ஒன்றுதான்.

தோல் டாக்டர் நேரில் பார்த்தாரா? முதலில் சிறிய இடத்தில் சோதித்தார்களா? கண்ணை மறைக்கக் கவசம் தந்தார்களா? இல்லை என்றால் எழுந்து வந்துவிடுவது நல்லது.

யாருடைய விருப்பம்?

கடைசிக் கேள்விதான் பெரிய கேள்வி.

தனக்கு வேண்டும் என்று ஒரு பெண் நினைத்தால், அவளைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. திருநங்கைகளுக்கு இது வெறும் அழகுப் பிரச்சினையும் அல்ல. முகத்தில் தாடி இருப்பதால் வேலையிலும் தெருவிலும் அவர்கள் படும் அவமானம் கொஞ்சமல்ல. திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த முதல் மாநிலம் தமிழ்நாடு. அது 2008-ம் ஆண்டில் அமைந்தது. இந்தச் சிகிச்சையும் அவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் எளிதாகக் கிடைப்பது நியாயம்.

ஆனால், "முடியை எடுத்தால்தான் கலியாணம்" என்று மணமகன் வீட்டார் சொன்னால், அது வரதட்சணையின் புது வேஷம். அதற்காக நகையை அடகு வைக்க வேண்டாம். மோவாயில் நாலு முடியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், நாளை பிரசவத்தில் வயிற்றில் விழும் வரியைப் பார்த்தும் முகம் சுளிப்பார்கள்.

மாமல்லபுரத்துச் சிற்பிக்குத் தெரியும்: உளி தவறினால் கல்லை ஒட்ட முடியாது. தோலும் அப்படித்தான். எடுத்த முடி திரும்ப முளைக்கலாம். வெந்த தோல் பழையபடி ஆவது கஷ்டம். அதைவிடக் கஷ்டம், "நீ அழகில்லை" என்று பெற்றவர்களே சொல்லிப் புண்படுத்திய மனம் ஆறுவது.

மகள் கண்ணாடி முன் நின்று கலங்கினால், தாயே, முதலில் அவள் தோளில் கை வையுங்கள். டாக்டரைப் பிறகு தேடலாம்.