சம்பளச் சீட்டுக்குள் அடங்காத குடும்பம்

வெளிநாட்டுக் கணவரையோ மனைவியையோ பிரிட்டனுக்கு அழைத்துக்கொள்ள, அங்கிருப்பவரின் ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு இருக்க வேண்டும். 2012இல் 18,600 பவுண்டாகத் தொடங்கிய வரம்பு, 2024 ஏப்ரலில் ஒரே மூச்சில் இந்த உயரத்துக்கு ஏற்றப்பட்டது. அதை 38,700 வரை கொண்டுபோகும் முந்தைய அரசின் திட்டத்தை அடுத்து வந்த அரசு நிறுத்திவைத்தது நல்லது. ஆனால் அது போதாது.

லண்டன் வங்கி அதிகாரிக்கும், வட இங்கிலாந்தின் முதியோர் இல்லப் பணியாளருக்கும் ஒரே அளவுகோல். குறைந்தபட்ச ஊதியத்தில் முழுநேரம் உழைப்பவரால்கூட இதை எட்ட முடியாது. சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்டு வேண்டும். வரவிருக்கும் துணை தன் நாட்டில் கைநிறையச் சம்பாதித்தாலும் அந்தச் சம்பளம் பொதுவாகக் கணக்கில் சேராது. விசா கட்டணம் தனி. ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் தனி. யாழ்ப்பாணத்தில் தாலி கட்டிவிட்டுத் தனியாக லண்டன் திரும்பும் கடை ஊழியருக்கும் இதே கதிதான்.

அரசு கஜானாவுக்குச் சுமை கூடாது என்பது நியாயமான கவலை. ஆனால், இந்த விசாவில் வருவோருக்கு அரசு உதவித்தொகை பொதுவாக ஏற்கெனவே கிடையாது. வேலை செய்யும் உரிமையோ உண்டு. வருமான வரம்பு செல்லும் என்று 2017இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே, குழந்தைகளின் நலனுக்கு விதிகள் உரிய இடம் தரவில்லை என்று குட்டியது.

குறைந்தபட்ச ஊதியக்காரர் எட்டும் அளவுக்கு வரம்பைக் குறைக்க வேண்டும். வருபவரின் வேலை உறுதிக் கடிதத்தையும் ஏற்க வேண்டும். சேர்ந்து வாழ்வது வசதி படைத்தவர்களின் சலுகையாகிவிடக் கூடாது.