பெண்கள் சிநேகமும் ஆண்கள் கோபமும்

சினிமாவைப் பற்றி நாம் உயர்ந்த அபிப்பிராயம் கொண்டவர்கள் அல்ல என்பது நமது வாசகர்களுக்குத் தெரியும். 1935-ல் சேலத்தில் திரு. டி.ஆர். சுந்தரம் அவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய காலம் முதல் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு சினிமா அன்னியமான வஸ்துவல்ல. எனினும், இத்தனை வருஷங்களில் தமிழ் சினிமா பெண்ணுக்குப் பெரும்பாலும் போதித்தது என்னவென்றால், தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கொள்வதும், அடித்த கையையே பிடித்துக் கொண்டு அழுவதும்தான். ஆகவே, ஒரு படத்தைப் பற்றி நாம் தலையங்கம் எழுதினால் அதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும். காரணம், படமல்ல, படத்தைப் பார்த்தவர்கள் பேசிய பேச்சே.

2017-ம் வருஷம் செப்டம்பர் மாதம் திரு. பிரம்மாவின் இயக்கத்தில் "மகளிர் மட்டும்" என்ற படம் வெளிவந்தது. 1994-ல் இதே பெயரில் வந்த படம் வேறு. இதன் கதை மிகச் சிறியது. பள்ளிக்கூடத்தில் உயிருக்குயிராய் இருந்த மூன்று பெண்கள் பிரிக்கப்பட்டு, ஆளுக்கொரு திக்கில் கலியாணமாகிப் போய், தலை நரைக்கும் வரை ஒருவரையொருவர் காணாமலே இருக்கிறார்கள். ஒருத்தி விதவை, ஒருத்தி குடிகாரப் புருஷனுக்கும் படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கும் ஊழியம் செய்பவள், ஒருத்தி கணவனும் மகனும் மதிக்காத வீட்டில் சமையற்காரிபோல் இருப்பவள். இவர்களில் ஒருத்திக்கு மருமகளாக வரப்போகும் பெண் மற்ற இருவரையும் தேடிக் கண்டுபிடித்து, மூவரையும் வீட்டு ஆண்களின் துணையின்றி மூன்று நாள் பிரயாணம் அழைத்துப் போகிறாள். ஊர்வசி, பானுப்பிரியா, சரண்யா, ஜோதிகா ஆகிய நால்வரும் நடித்திருக்கிறார்கள். கொலை இல்லை; கொள்ளை இல்லை; சிரித்தார்கள், அழுதார்கள், பேசினார்கள் என்பதே கதை.

சமீபத்தில் இராசிபுரத்துப் பக்கம் ஒரு தோழர் வீட்டில் இப்படத்தை இருபது பேர் கூடிப் பார்த்தபோது நாமும் இருந்தோம். படம் முடிந்ததும் ஆண்கள் பக்கத்தில் மூன்று ஆட்சேபனைகள் எழுந்தன. முதலாவது, இதில் வரும் புருஷர்களெல்லாம் கெட்டவர்களாகவே இருக்கிறார்களே, உலகத்தில் நல்ல ஆணே கிடையாதா என்பது. இரண்டாவது, குடும்பப் பெண்கள் இப்படி வீட்டைப் போட்டுவிட்டுக் கிளம்பலாமா என்பது. மூன்றாவது, மூன்று கிழவிகள் ஊர் சுற்றுவதில் என்ன கதை இருக்கிறது என்பது.

முதல் ஆட்சேபனையைக் கவனிப்போம். நூற்றுக்கணக்கான படங்களில் மாமியாரைப் பேயாகவும், படித்த பெண்ணைத் திமிர் பிடித்தவளாகவும் காட்டினார்களே, அப்போது "நல்ல பெண்ணே கிடையாதா?" என்று ஒரு கொட்டகையிலாவது ஓர் ஆண் எழுந்து கேட்டதுண்டா? இது நமது நாட்டு வியாதி மட்டுமல்ல. 1991-ல் அமெரிக்காவில் "தெல்மா அண்ட் லூயிஸ்" என்று ஒரு படம் வந்தது. இரண்டு சிநேகிதிகள் காரில் புறப்பட்டு, வழியில் ஒருத்தியைக் கெடுக்க முயன்றவனை மற்றவள் சுட்டுவிட்டு, போலீசுக்குத் தப்பி ஓடுகிற கதை. பெண்கள் கொட்டகையில் கைதட்டினார்கள். ஆண்களிலோ பலர் "ஆண் வர்க்கத்தையே அவமதிக்கிறது" என்று கூச்சலிட்டார்கள். அதை எழுதிய கேலி கூரி என்ற அம்மையாருக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. ஆயினும் கூச்சல் ஓயவில்லை. அந்தச் சிநேகிதிகள் கடைசியில் திரும்பிப் போக இடமின்றிக் காரோடு மலைப்பள்ளத்தில் பாய்கிறார்கள். அவர்களைச் சாகவிட்ட உலகத்தின்மேல் வராத கோபம் அவர்கள்மேல் வருமானால், அந்தக் கோபத்தின் யோக்கியதை என்ன?

இரண்டாவது ஆட்சேபனைதான் முக்கியமானது. 1997-ல் சேலத்தினின்றும் பிரிந்து தனி ஜில்லாவான நாமக்கல், லாரிக்குப் பெயர் போனது. நாமக்கல் லாரி போகாத மாகாணம் எது? கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை போகும் 44-ம் எண் நெடுஞ்சாலை நமது சேலத்தையும் நாமக்கல்லையும் ஒட்டித்தான் போகிறது. அந்தச் சாலையில் நாக்பூர் எங்கே, ஆக்ரா எங்கே, எந்தத் தாபாவில் ரொட்டி நன்றாயிருக்கும் என்பதெல்லாம் நமது ஆண்களுக்கு மனப்பாடம். அவர்கள் வீட்டைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் போனால் அது தொழில். ஊர் திரும்பி டீக்கடையில் சிநேகிதரோடு பாதி ராத்திரி வரை உட்கார்ந்தால் அது களைப்பாறுதல். அவன் மனைவி மூன்று நாள் தன் சிநேகிதியைப் பார்க்கப் போனால் மாத்திரம் அது குடும்பத்தைக் கெடுப்பதா?

போகவே விடுவதில்லை என்றும் சொல்ல முடியாது. மார்கழி, தை மாதங்களில் சிவப்புச் சேலை கட்டி, இருமுடி சுமந்து, மேல்மருவத்தூருக்குப் பஸ் பஸ்ஸாய்ப் பெண்கள் போவதை எந்தப் புருஷன் தடுக்கிறான்? அதே பெண்கள் அதே பஸ்ஸில் ஏறி, "பள்ளிக்கூடத்துத் தோழியோடு ஒகேனக்கல் பார்த்து வருகிறோம்" என்று சொல்லட்டும் பார்ப்போம்! அம்மன் பெயரைச் சொன்னால் திறக்கிற கதவு, அவள் தன் பெயரைச் சொன்னால் திறப்பதில்லை. பெண்ணுக்கு ஆசை என்று ஒன்று இருக்கலாம், ஆனால் அது சாமிக்காக இருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

நிற்க, மூன்றாவது ஆட்சேபனைக்கு நாம் அங்கேயே ஒரு கேள்வி கேட்டோம். "தோழர்களே, உங்கள் தகப்பனாரின் சிநேகிதர் நால்வர் பெயரைச் சொல்லுங்கள்" என்றோம். உடனே சொன்னார்கள், ஒருவர் லாரி நம்பரோடு சொன்னார். "உங்கள் தாயாரின் சிநேகிதி ஒருத்தி பெயரைச் சொல்லுங்கள்" என்றோம். ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. உள்ளே கதவோரம் நின்றிருந்த அவ்வீட்டுத் தாயார், அறுபது வயதுக்கு மேற்பட்டவர், "எனக்கும் ஒருத்தி இருந்தாள், சங்ககிரிக்குக் கட்டிக் கொடுத்தார்கள்" என்றார். சங்ககிரி என்ன சமுத்திரத்துக்கு அப்பாலா இருக்கிறது? ஒரு பகல் பிரயாணம்கூட இல்லை. நாற்பது வருஷமாக அந்தத் தூரத்தைக் கடக்க அந்த அம்மையாருக்கு முடியவில்லை! அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் "இதில் என்ன கதை இருக்கிறது?" என்று யாரும் கேட்கவில்லை.

படத்தில் குறை இல்லையென்று நாம் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளும் துணிச்சலும் உள்ள ஒரு மருமகள் வந்து கைப்பிடித்து அழைத்துப் போகும் வரை மூன்று பெண்களும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எல்லார்க்கும் அப்படி ஒருத்தி வருவாளா? பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக் கூடங்களிலும், சேலத்து ஜவ்வரிசி ஆலைகளிலும் உழைக்கிற பெண்கள் தினமும் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களே. கூலிக்காகக் கிளம்ப அனுமதி உண்டு; தனக்காகக் கிளம்ப இல்லை. அவர்கள் கதையை எடுக்க இன்னும் ஆள் வரவில்லை.

1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தோம். 1989-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. பெண் சிசுவைக் கொல்லும் கொடுமைக்காக 1992-ல் நமது சேலத்தில்தான் தொட்டில் வைக்க நேர்ந்தது. 2021-ல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆக்கியபோது, "ஓசிப் பிரயாணம்" என்று ஏளனம் செய்த வாய்களும், இந்தப் படத்தைப் பார்த்து முணுமுணுத்த வாய்களும் வேறு வேறு அல்ல. சட்டம் வந்தது, சாலை வந்தது, பஸ்ஸும் வந்தது. வாசற்படி மட்டும் அப்படியே இருக்கிறது. அதைச் சர்க்கார் வந்து இடிக்க முடியாது. அந்த வீட்டு ஆண்தான் இடிக்க வேண்டும்.

ஆதலால், மேடையில் பெண் விடுதலை பேசும் நமது தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறோம். இந்த மாதத்துக்குள் உங்கள் தாயாரிடமோ மனைவியிடமோ அவர்கள் சிநேகிதி பெயரைக் கேளுங்கள். ஊரைக் கேளுங்கள். வழிச்செலவைக் கையில் கொடுங்கள். எப்போது வருவாய் என்று கேட்காதீர்கள். அந்த மூன்று நாளும் அடுப்பை நீங்கள் மூட்டுங்கள். இராசிபுரத்துத் தோழர் அந்தத் தாயாரை மறு வாரமே சங்ககிரிக்கு அனுப்பி வைத்தார். மற்றவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்?