அவனுக்கு தைரியம் கொடுத்தது யார்?

போன மாதம் நேமத்தான்பட்டியில் சிநேகிதர் வீட்டுக் கல்யாணம். பந்தி முடிந்து வளவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். என் அக்கா மகன் செல்போனும் கையுமாக வந்தான். ''மாமா, சயனைடு மோகன் கதை தெரியுமா? செம மூளை மாமா! இருபது பேரைப் போட்டுத்தள்ளியிருக்கான். அத்தனை வருஷமா மாட்டவே இல்ல!''

2023-ல் வந்த 'தஹாட்' இந்தித் தொடரைப் பார்த்ததிலிருந்து தம்பிக்கு ஒரே ஆராய்ச்சி. சின்ன வயசில் அடி வாங்கியிருப்பானா, பெண்கள் மேல் வெறுப்பா, சைக்கோவா...

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூளையாவது மண்ணாங்கட்டியாவது!

கர்நாடகாவில் தட்சிண கன்னட மாவட்டத்து ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்தவன் மோகன் குமார். வரதட்சணைக்கு வழியில்லாமல் கல்யாணம் தள்ளிப்போன பெண்களாகத் தேடிப்பிடிப்பான். பைசா வேண்டாம், கட்டிக்கொள்கிறேன் என்பான். வெளியூர் லாட்ஜில் ஒரு ராத்திரி. காலையில் நகையைக் கழற்றி ரூமில் வைக்கச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போவான். கர்ப்பத் தடை மாத்திரை, குமட்டும், டாய்லெட்டுக்குள் போய்ப் போட்டுக்கொள் என்று ஒன்றைக் கொடுப்பான். அது சயனைடு. நகைத் தொழில் செய்கிறவன் என்று பொய் சொல்லி வாங்கியது. அவள் உள்ளே சுருண்டு விழ, இவன் ரூமுக்குத் திரும்பி நகையை அள்ளிக்கொண்டு போய்விடுவான்.

நான் பி.காம். மனோதத்துவம் தெரியாது, பற்று வரவு தெரியும். இந்தப் பேரேட்டில் வரவு தங்கம். அவ்வளவுதான் நோக்கம். பவுன் பேசாமல் ஒரு சம்பந்தமும் முடியாத செட்டிநாட்டுக்காரனுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன?

யோசிக்க வேண்டியது அவனுடைய தைரியத்தைத்தான். முதல் தடவை கை நடுங்கியிருக்கும். மறுநாள் பேப்பரைப் பதறிப்போய்ப் புரட்டியிருப்பான். ஒன்றுமில்லை. ஒரு வாரம் போச்சு, ஒரு மாசம் போச்சு, யாரும் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. அப்புறம் என்ன? போணியான இடத்திலேயே மறுபடி கடை போடுகிற வியாபாரி மாதிரி ஆகிவிட்டான். மைசூரில் ஒரே பஸ் ஸ்டாண்டில் எட்டு உடல்கள். பெங்களூரு கெம்பேகவுடா பஸ் ஸ்டாண்டில் ஐந்து. உள்ளே தாழ்ப்பாள் போட்ட டாய்லெட், கல்யாணப் புடவை, உடம்பில் குந்துமணி நகை இல்லை. எட்டாவது தடவையுமா சார் சந்தேகம் வராது?

வரவில்லை. தற்கொலை, இயற்கைக்கு மாறான மரணம், அனாதைப் பிணம்... ஃபைல் குளோஸ். (அப்போது அதற்கு 174-வது பிரிவு. 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 194. நம்பரை மாற்றுவதில் நாம் கில்லாடிகள்.) ஒவ்வொரு ஃபைலை மூடியபோதும் அவன் கணக்கில் கொஞ்சம் தைரியம் வரவு வைத்தோம். கடைசியில் கோர்ட்டில் தனக்குத் தானே வக்கீலாக நின்று வாதாடுகிற அளவுக்கு அது வட்டி போட்டு வளர்ந்தது!

இங்கிலாந்தில் டாக்டர் ஷிப்மன் 1998-ல் பிடிபட்டான். கொன்ற நோயாளிகளின் இறப்புச் சான்றிதழில் தானே கையெழுத்துப் போட்டவன். அங்கே விசாரணை கமிஷன் வைத்து 215 கொலைகளைக் கணக்கெடுத்தார்கள். சான்றிதழ் கொடுக்கிற முறையையே துருவினார்கள். இங்கே? காணாமல்போன பெண்ணைப் பற்றிய புகார் ஒரு மாவட்டத்தில் தூங்குகிறது, அவளுடைய பிணம் அடுத்த மாவட்டத்தில் அடையாளம் தெரியாமல் புதைகிறது. இரண்டு காகிதமும் ஒரே மேஜைக்கு வர வேண்டாமா?

போலீஸை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. பல வீடுகளில் புகாரே கொடுக்கவில்லை. 'ஓடிப்போயிட்டா, மானம் போச்சு.' அதோடு தலைமுழுகிவிட்டார்கள். 2009 ஜூனில் ஒரு பெண் காணாமல்போனபோதுதான் ஊர் திரண்டு ஸ்டேஷனை முற்றுகையிட்டது. எதற்குத் தெரியுமா? வேற்று மதத்துப் பையன் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்ற சந்தேகத்தில்! அப்புறம்தான் போலீஸ் செல்போன் அழைப்புகளைத் துருவியது. அக்டோபரில் மோகன் சிக்கினான். முந்தைய பெண்களுக்காக ஒரு கல்லும் அசையவில்லை.

இதையெல்லாம் சொன்னதும் அக்கா மகன் முகம் சப்பென்று ஆகிவிட்டது. ''அப்ப வெறும் நகைக்காகத்தானா மாமா?'' என்றான். பக்கத்துத் தூணோரம் ஓர் ஆச்சி, பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.