வியாழன் மீது வேவுக் குற்றம்!

கையிலே துப்பாக்கி, கண்ணிலே தொலைநோக்கி, எதிரிலே எல்லைக்கோடு. லடாக்கில், பாங்கோங் ஏரிப் பகுதியில், ஏறத்தாழ 14,000 அடி உயரத்தில், எலும்பைத் துளைக்கும் குளிரிலே காவல் நின்ற நம் வீரர்கள் வானிலே இரண்டு ஒளிப்பொருள்களைக் கண்டனர். சீனம் ஏவிய வேவு விமானங்களோ என ஐயுற்றனர். 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை 329 முறை கண்டதாகப் படையின் ஏடு குறித்தது. அவற்றுள் 155 முறை எல்லை தாண்டியதாகவும் குறித்தது. ராடார் கொண்டு துழாவினர்; அகப்படவில்லை.

அகப்படாத பொருள் என்றதும் அயலுலகத்தார் என்று ஆர்ப்பரிக்கவும், புட்பக விமானத்தின் வாரிசு என்று பூரிக்கவும் இந்த நாட்டிலே ஆளா இல்லை? ஆனால் படை என்ன செய்தது? பரிகாரம் தேடவில்லை, பஞ்சாங்கம் புரட்டவில்லை. பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தை அழைத்தது. எந்த வேளை, எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று கணக்கிட்டுப் பார்த்தனர் அறிஞர்கள். 2013இல் விடை வெளியாயிற்று: ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி!

60 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் தன்பாட்டில் சுழலும் வியாழன் மீது எல்லை மீறிய குற்றம்! சிரிப்பு வருகிறதல்லவா, தோழர்களே? சிரியுங்கள், ஆனால் அந்த வீரனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். காற்று மெலிந்த அந்த உயரத்தில் கோள்கள் பளிச்சிடும். மெய்யான வேவுக்கலங்களும் அவ்வெல்லையில் உலவும். அவன் கண் ஏமாந்தது, கணக்கு திருத்திற்று, திருத்தத்தைப் படை ஏற்றது.

இங்கே கீரமங்கலத்திலே நடப்பதென்ன? அதே வியாழன்தான் குரு. அதே வெள்ளிதான் சுக்கிரன். பூ மணக்கும் ஊரிலே, பிறர் திருமணத்துக்கு மாலை கட்டும் வீட்டுப் பெண்ணுக்கு மணம் கூடவில்லையாம், குரு பார்க்கவில்லையாம்! கதிரவனைச் சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டு எடுத்துக்கொள்ளும் கோள், ஆண்டுக்கொரு ராசியாக நகர்வதுபோல் தோன்றுகிறது. அந்தத் தோற்றத்துக்குப் பெயர் பெயர்ச்சி. அந்தப் பெயர்ச்சிக்கு ஒரு பூசை. அந்தப் பூசைக்கு ஒரு உண்டியல். ஆறு திங்கள் கண்விழித்துப் பார்த்த வீரனே ஏமாந்தான். வானத்தை ஒருநாளும் அண்ணாந்து பாராத சோதிடர் மட்டும் ஏமாறாதவரோ? அவரை எந்தக் கணக்குத் திருத்திற்று? எந்தத் திருத்தத்தை அவர் ஏற்றார்?

"படமே இருக்கிறதே, அமெரிக்கக் கடற்படை எடுத்ததாயிற்றே" என்பார்கள் சிலர். இருக்கிறது. 2004இலும் 2015இலும் எடுத்த மூன்று படங்களை அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2020 ஏப்ரலில் வெளியிட்டது. அவற்றுள் ஒன்றில், கடலை உரசியபடி ஏதோ சீறிப் பாய்கிறது. கணக்கிட்டால், அப்பொருள் ஏறத்தாழ 13,000 அடி உயரத்தில் இருந்தது என்று 2024இல் அத்துறையின் ஆய்வு அலுவலகமே கூறிவிட்டது. பாய்ந்தது பெரும்பாலும் படமெடுத்த விமானம்! ஆலங்குடிப் பேருந்திலே சன்னலோரம் அமர்ந்தவனுக்குத் தென்னை மரங்கள் ஓடும். மரத்துக்குக் கால் முளைத்ததென்று எவனும் தேங்காய் உடைப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை. 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்தருகே ஏதோ பறப்பதாகச் செய்தி எழுந்தது, விமானப் போக்குவரத்து நின்றது, ரஃபேல் விமானங்கள் தேடின, ஒன்றும் தென்படவில்லை. சரி, தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதி வைப்பது இழுக்கன்று. அந்த வெற்றிடத்திலே தேவரைக் குடியேற்றி வாடகை வாங்குவதுதான் இழுக்கு.

நக்கீரன் பெயரால் வழங்குவதாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் கீரமங்கலம். இறைவனே எதிர்நின்றும் குற்றத்தைக் குற்றமென்றவன் என்று அவனைப் போற்றுகிற ஊர். அங்குள்ள தோழர்கள் ஒரு குறிப்பேடு வாங்கட்டும். அடுத்த குருப்பெயர்ச்சிக்கு ஊர்ச் சோதிடர் சொல்லும் பலன் ஒவ்வொன்றையும், படை எழுதியதுபோல், நாளும் பெயரும் இட்டு எழுதட்டும். ஓராண்டு கழித்து, கடைத்தெருவிலே, அவர் முன்னாலேயே அதை விரித்துப் படிக்கட்டும்.