'விசாரணை'யும் பீன்யா தொழிலாளியும்

குண்டூருக்குப் பிழைக்கப் போன தமிழ் இளைஞர்கள். பகலில் மளிகைக்கடை வேலை. இரவில் பூங்காவில் படுக்கை. ஒரு நாள் போலீஸ் பிடித்துச் செல்கிறது. செய்யாத திருட்டை ஒப்புக்கொள் என்று அடிக்கிறது. எதற்கு அடிக்கிறார்கள் என்றுகூட அவர்களுக்குத் தெரியவில்லை, பாஷை புரியவில்லை. வெற்றிமாறன் இயக்கிய 'விசாரணை' இப்படித் தொடங்குகிறது.

2015-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் பாராட்டுப் பெற்று, 2016 பிப்ரவரியில் திரைக்கு வந்த படம் இது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. சமுத்திரக்கனி சிறந்த துணை நடிகரானார். மறைந்த எடிட்டர் கிஷோருக்கும் விருது வந்தது. அவ்வாண்டு ஆஸ்கார் போட்டிக்கு இந்தியா அனுப்பிய படமும் இதுவே.

ஆயினும் பீன்யாவில் விசாரித்தால் ஒரே பதில் வருவதில்லை. "இது நம்ம கதை அண்ணே" என்பார் ஒருவர். "பாதியில் நிறுத்திவிட்டேன், தூக்கம் வரவில்லை" என்பார் இன்னொருவர். ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்கி, அரைகுறைக் கன்னடத்தில் காலம் தள்ளுகிறவர்களுக்கு இரண்டுமே நியாயம்தான்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. படம் வந்த அதே 2016-ல், செப்டம்பர் மாதக் காவிரிக் கலவரத்தில், பெங்களூரில் தமிழகப் பஸ்களும் லாரிகளும் எரிந்தன. பீன்யா உள்பட 16 போலீஸ் சரகங்களில் ஊரடங்கு. கதவை அடைத்துக்கொண்டு இருந்தவர்களுக்கு, அயலூரில் அகப்பட்டுக்கொள்வது என்ன என்று சினிமா சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் இதை மொழிப் பகையைக் காட்டும் படமாக நினைத்தால் தவறு. குண்டூரில் அடிபட்டவர்களின் உயிர் போவது தமிழ்நாட்டில், தமிழ் பேசும் போலீசாரின் கையால். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் நிலையத்தில் தாக்கப்பட்டு மாண்டார்களே, அங்கே என்ன பாஷைத் தகராறு? கேட்க ஆளில்லாத ஏழைக்குச் சொந்த ஊரும் வெளியூர்தான். படம் சொல்லும் இந்த உண்மையை மறுக்க முடியாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார், 1983-ல் குண்டூரில் தாம் பட்டதை 'லாக்கப்' என்று நாவலாக எழுதினார். அதுதான் படத்தின் மூலம். அவர் உயிரோடு வெளியே வந்தார், ஆட்டோ ஓட்டினார், பேனா பிடித்தார். படத்திலோ இளைஞர்களில் பெரும்பாலோர் மிஞ்சவில்லை. கலைக்கு அது பலமாக இருக்கலாம். நாள் முழுவதும் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வருகிறவனுக்கு, மிஞ்சியவனின் கதையும் அல்லவா வேண்டும்?

படத்திலேயே அதற்கு ஒரு வழி தெரிகிறது. குண்டூர் கோர்ட்டில் அவர்கள் உண்மையைச் சொல்கிறார்கள். அதை மொழிபெயர்க்கத் தமிழ் இன்ஸ்பெக்டர் ஒருவர் கிடைக்கிறார். நீதிபதி விடுதலை செய்கிறார். பேச்சு காதில் விழுந்தால் சட்டம் வேலை செய்கிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட் கட்டளையிட்டது. வசதியற்றவருக்கு இலவச வக்கீல் உண்டு. இவை எத்தனை தொழிலாளிக்குத் தெரியும்?

ஆகவே, படத்தைப் பார்க்க வேண்டியதுதான்; தனியாக அல்ல, அறைக்காரர்களோடு சேர்ந்து. பார்த்து முடித்ததும் ஒரு காரியம் செய்ய வேண்டும். ஒருவர் போன் நம்பரை மற்றவர் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். பிடித்துப் போனால் முதலில் கைவிட்டுப் போவது கைபேசிதான். நாலு எண்கள் நெஞ்சில் இருந்தால், தேடி வர நாலு பேர் இருப்பார்கள்.