டியூப்லைட்டை மாத்தியாச்சு... கண்ணை நம்பலாமா?

ஜோக்குக்கு எல்லாரும் சிரிச்சு முடிச்சு, டீ குடிச்சு, கிளம்புற நேரத்துல ஒருத்தன் மட்டும் 'ஹா ஹா'ன்னு ஆரம்பிப்பான் பாருங்க... எந்தக் காலேஜா இருந்தாலும் அவனுக்கு ஒரே பேர்தான். 'டியூப்லைட்!' சுவிட்சைப் போட்டதும் எரியாமல், கண்ணைச் சிமிட்டி, உறுமி, யோசிச்சு, அப்புறம் எரியுற நாலடிக் குழாய்க்கு நம்ம ஊர் கொடுத்த மரியாதை அது.

இந்த வாரம் அந்த டியூப்லைட்டை வீட்டை விட்டு அனுப்பின கதை. அனுப்பின அவசரத்துல எங்க சித்தப்பா ஒரு கையைப் பறிகொடுத்திருப்பார் என்பதுதான் இதில் சிரிக்க முடியாத பகுதி.

சித்தப்பாவுக்குத் தென்காசியில் வீட்டுக்குப் பின்னாலேயே கடைசல் பட்டறை. கட்டில் கால், தொட்டில் கம்பு, மாடிப்படிக் கைப்பிடிக்கான குச்சிகள் எல்லாம் கடைஞ்சு கொடுப்பார். ஜூன் பிறந்துட்டா ஊருக்கெல்லாம் குற்றால சீசன் கொண்டாட்டம். ஆரியங்காவு கணவாய் வழியா காத்து வரும், சாரல் வரும், வண்டி வண்டியா ஜனம் வரும். சித்தப்பாவுக்கு மட்டும் எரிச்சல் வரும். நாள் முழுக்க வானம் இருட்டிக் கிடக்குமே! காலையிலேயே ஆறு டியூப்லைட்டையும் போட்டாகணும். ஓல்டேஜ் இறங்கினா அதுல ரெண்டு ஆட்டம் போடும். ஏணியில் ஏறி ஸ்டார்ட்டரைத் திருகித் திருகியே பாதி நாள் போயிரும்.

கணக்கு நல்ல கணக்குதான்

பழைய நாலடி டியூப் 40 வாட். கூடவே கனமான இரும்புச் சோக் ஒண்ணு உட்கார்ந்து 12 வாட் அளவுக்குத் தின்னும். ஆக ஒரு லைட்டுக்கு 52 வாட். ஆறு லைட், தினம் எட்டு மணி நேரம், ரெண்டு மாசம்... கிட்டத்தட்ட 150 யூனிட். அதே இடத்துல 20 வாட் எல்.இ.டி. டியூப் போட்டா 58 யூனிட்டுக்குள் முடிஞ்சிரும். மிச்சம் 92 யூனிட்!

இந்த வெள்ளை வெளிச்சம் சும்மா வந்துடலை ஃப்ரெண்ட்ஸ். சிவப்பும் பச்சையும் தர்ற எல்.இ.டி. 1960, 70-களிலேயே இருந்தது. பளிச்சுனு நீலம் தர்ற எல்.இ.டி. மட்டும் 1990-கள் வரைக்கும் தண்ணி காட்டியது. நீலம் இருந்தாத்தான் அதுமேல பாஸ்பரைப் பூசி வெள்ளை ஆக்க முடியும். அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு. 2015 ஜனவரியில் மத்திய அரசு 'உஜாலா' திட்டத்தை ஆரம்பிச்சு எல்.இ.டி. பல்புகளை மலிவா விற்றது. அதுக்கப்புறம் மூலை முடுக்கெல்லாம் எல்.இ.டி.தான்.

சித்தப்பாவும் மாறினார். ஆறு எல்.இ.டி. டியூப், இருக்கிறதிலேயே மலிவான ரகம். அந்த ஜோரில், கடைசல் மெஷினுக்கு நேர் மேலே தொங்கின 60 வாட் குண்டு பல்பையும் கழட்டிட்டார். "ஏல, இத்தனை வெளிச்சம் இருக்கும்போது இந்தச் சவம் எதுக்குல கரண்டைத் தின்னுக்கிட்டு?" அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த ஆசாரி மாட்டச் சொன்ன பல்பு அது. ஏன்னு ஆசாரியும் சொல்லலை, சித்தப்பாவும் கேட்கலை.

சுத்துது... ஆனா சுத்தலை!

நாலாம் நாள். மெஷினில் சதுரக் கட்டை மாட்டியிருக்கு. வெளியே தகரத்தில் சாரல் சத்தம், உள்ளே பக்கத்து மெஷின் சத்தம். திரும்பிப் பார்த்த சித்தப்பாவுக்குக் கட்டை மெள்ள மெள்ளப் பின்னோக்கிச் சுத்துற மாதிரி தெரிஞ்சிருக்கு. 'ஆஃப் பண்ணிட்டோம்போல, நிக்கப் போகுது'ன்னு குனிஞ்சு கையைக் கொண்டு போனார். கைக்கு முந்தி தோள்ல கிடந்த துண்டின் நுனி போச்சு. சர்ர்ர்... துண்டு கிழிஞ்சு மெஷினில் சுருண்டுக்கிச்சு. கழுத்தைச் சுத்தி இல்லாம தோளில் தொங்கினதால ஆள் தப்பிச்சார்.

பேயும் இல்லை, கண் கோளாறும் இல்லை. கணக்குதான். நம்ம கரண்ட் ஒரு செகண்டுக்கு 50 தடவை முன்னும் பின்னும் மாறும். அதனால விளக்கு செகண்டுக்கு 100 தடவை பிரகாசமாகி மங்கும். நம்ம கண்ணுக்கு அது தெரியாது. இப்ப மோட்டார் மேல ஒட்டியிருக்கிற தகட்டைப் பாருங்க, பெரும்பாலும் '1440'ன்னு இருக்கும். நிமிஷத்துக்கு 1440 சுத்துன்னா செகண்டுக்கு 24. புல்லி ரெண்டும் ஒரே அளவுன்னா கட்டைக்கும் அதே வேகம். ஒரு மினுக்கலுக்கும் அடுத்த மினுக்கலுக்கும் நடுவுல கட்டை 86.4 டிகிரி திரும்பும். சதுரக் கட்டைக்கு 90 டிகிரி திரும்பினாலே பழைய உருவம்தானே? அதுக்கு 3.6 டிகிரி குறையுது. அதனால ஒவ்வொரு மினுக்கலிலும் கட்டை கொஞ்சூண்டு பின்னால போன மாதிரி கண்ணுக்குத் தோணும். கூட்டிப் பார்த்தா செகண்டுக்கு ஒரே ஒரு சுத்து, அதுவும் ரிவர்ஸில்! நிஜத்தில் அது 24 சுத்து சுத்திக்கிட்டிருக்கு. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால ஓடுமே, அதே ட்ரிக்தான்.

அப்போ இத்தனை வருஷமா டியூப்லைட்டில் இது தெரியலையா? இரும்புச் சோக் போட்ட டியூப்பும் செகண்டுக்கு 100 தடவை மினுக்கும். ஆனா அதன் உள்பூச்சு கொஞ்ச நேரம் ஒளியைப் பிடிச்சு வெச்சிருக்கும், முழுசா அணையாது. மிச்ச இடைவெளியை நிரப்பினது ஆசாரியின் குண்டு பல்பு. அதன் இழை ஒரு செகண்டில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஆறிப் போகாது, அதனால வெளிச்சம் ஏறக்குறைய ஒரே சீரா நிற்கும். பழைய பட்டறைகளில் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பு தொங்கினது வெளிச்சத்துக்கு மட்டும் இல்லை, உயிருக்கும்தான். மலிவு எல்.இ.டி. சிலதில் கரண்டைச் சீராக்குற டிரைவர் சர்க்யூட் பேருக்குத்தான் இருக்கும். அது மின்னல் மாதிரி பளிச்சுனு எரிஞ்சு சட்டுனு அணையும், டியூப்லைட்டை விட மோசமா.

மாத்தப் போறீங்களா?

தாராளமா மாத்துங்க. ஆனா வாட் கணக்கோட நிறுத்தாதீங்க.

* பென்சில் டெஸ்ட்: விளக்கடியில் ஒரு பென்சிலை வேகமா ஆட்டுங்க. ஒரே மங்கல் விசிறியா தெரிஞ்சா ஓகே. தனித்தனியா பத்துப் பென்சில் தெரிஞ்சா அந்த விளக்கு மினுக்குது. செல்போன் கேமராவில் ஸ்லோமோஷன் எடுத்தும் பார்க்கலாம்.

* பழைய ஃபிட்டிங்: பழைய ஃப்ரேமிலேயே எல்.இ.டி. டியூப் மாட்டுறதா இருந்தா, சோக்கையும் ஸ்டார்ட்டரையும் என்ன செய்யணும்னு பெட்டியில் போட்டிருக்கும். ரகத்துக்கு ரகம் வயரிங் வேற. மெயினை ஆஃப் பண்ணிட்டு எலெக்ட்ரீஷியன் கையால் செய்யுங்க.

* நிறம்: பெட்டியில் சி.ஆர்.ஐ. 80-க்கு மேல இருக்கணும். இல்லேன்னா பட்டறையில் பார்த்த பாலீஷ் கலர் வேற, வாடிக்கையாளர் வீட்டு வாசலில் பார்க்கிற கலர் வேற. பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கான்னும் பாருங்க.

* பழைய டியூப்: உள்ளே கொஞ்சமா பாதரசம் இருக்கு. உடைச்சு ஓடையில் வீசினா நம்ம சிற்றாறுதான் சுமக்கணும். முழுசா எடுத்து மின்கழிவு வாங்குறவங்ககிட்ட கொடுங்க. 2023-ல் ஜெனீவாவில் கூடின மினமாட்டா ஒப்பந்த நாடுகள், இந்த வகை டியூப் தயாரிப்பை 2027-க்குள் நிறுத்த முடிவெடுத்ததே அந்தப் பாதரசத்துக்காகத்தான்.

சித்தப்பா இப்போ மினுக்காத டியூப்களா பார்த்து மாத்திட்டார். மெஷினுக்கு மேல 12 வோல்ட் டி.சி.யில் ஓடுற சின்ன எல்.இ.டி. ஒண்ணு, குண்டு பல்பு தொங்கின அதே ஆணியில். தோளில் துண்டுக்குத் தடா. கட்டையைத் தொடுறதுக்கு முந்தி சுவிட்சைத் தொட்டுப் பார்க்கிறார். எத்தனை நல்ல விளக்கு போட்டாலும் இந்தப் பழக்கத்துக்கு மாற்று கிடையாது.

போன வாரம் ஒரு பையன் வேலை பழக வந்தான். வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "இங்கதான் இத்தனை லைட் இருக்கே, இது எதுக்கு தனியா?" சித்தப்பா மெஷினை நிறுத்திட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருல, சொல்லுதேன்."

கேட்காமலேயே இருந்ததுக்கு ஒரு துண்டு போச்சே!

அடுத்த வாரம் பார்ப்போம்!